குறைமாதப் பிரசவமும் என் எடையும்

குறைமாதக் குழந்தையைப் பெற்ற பருமனான பெண்ணிடம் ஊரே சுற்றி வளைத்துக் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: "எடை அதிகமாக இருந்ததால்தானே இப்படி ஆயிற்று?" சிலர் முகத்துக்கு நேரே கேட்பார்கள். சிலர் "இனிமேலாவது உடம்பைப் பார்த்துக்கொள்ளம்மா" என்று அக்கறையாகக் குத்துவார்கள். என் மகள் 29ஆவது வாரத்தில் பிறந்தாள். இப்போது அவளுக்கு ஆறு வயது. அந்தக் கேள்விக்கு மருத்துவ உலகம் என்ன பதில் வைத்திருக்கிறது என்று இத்தனை வருடங்களாகத் தேடித் தேடிப் படித்துவருகிறேன். பதில் இருக்கிறது. கேட்பவர்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு அது எளிதாக இல்லை, அவ்வளவுதான்.

என் ஆதங்கம் வேறு. எடையைப் பற்றிப் பேசினால் பலன் கிடைக்கும் காலம் என்று ஒன்று உண்டு: கருத்தரிப்பதற்கு முந்தைய மாதங்கள், கர்ப்பத்தின் முதல் வாரங்கள், அடுத்த கர்ப்பத்துக்கு முந்தைய இடைவெளி. அப்போதெல்லாம் யாரும் வாய் திறப்பதில்லை. குழந்தை இன்குபேட்டரில் கிடக்கும்போது, எதையும் மாற்ற முடியாத நேரத்தில், ஆளாளுக்குப் பேசுகிறார்கள்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. எனப்படும் உடல் நிறைக் குறியெண். நான் 158 செ.மீ. உயரம், கருத்தரிக்கும் முன் 82 கிலோ. குறியெண் ஏறக்குறைய 33. அது 18.5க்குக் கீழே இருந்தால் எடைக்குறைவு, 25ஐத் தொட்டால் அதிக எடை, 30ஐத் தொட்டால் உடல் பருமன். ஆசிய மக்களுக்கு ஆபத்து இன்னும் கீழேயே தொடங்குவதால் 23, 27.5 ஆகிய அளவுகளையும் கவனிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது.

கர்ப்பகாலத்தில் எவ்வளவு எடை கூடலாம் என்பதும் இந்த எண்ணைப் பொறுத்ததே. அமெரிக்காவில் 2009இல் வெளியான அளவுகள் உலகின் பல இடங்களில் பயன்படுகின்றன. எடைக்குறைவானவர்களுக்கு 12.5 முதல் 18 கிலோ வரை, இயல்பான எடை உள்ளவர்களுக்கு 11.5 முதல் 16 வரை, அதிக எடை உள்ளவர்களுக்கு 7 முதல் 11.5 வரை, பருமனானவர்களுக்கு 5 முதல் 9 கிலோ வரை. இந்த நான்கு வரிகளை என்னிடம் ஒருவரும் காட்டவில்லை. வீட்டில் "இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடு" என்றார்கள். மருத்துவமனைக் கோப்பில் "எடை அதிகம்" என்று எழுதி அடிக்கோடு போட்டார்கள். அந்த அடிக்கோட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று யாருக்கும் தோன்றவில்லை.

ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அந்தப் பட்டையில் அளவுகள் உண்டு. பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். காற்று ஏற ஏற ஒட்டும் பகுதி படபடவென்று பிரிந்துவரும். எனக்கு அழுத்தம் ஏறிக் காட்டியபோதெல்லாம் "பட்டை சின்னது, அதனால்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். 28ஆவது வாரத்தின் முடிவில் மூத்த செவிலியர் ஒருவர் அலமாரியைக் குடைந்து பெரிய பட்டையைத் தேடி எடுத்துவந்து கட்டினார். 150க்கு 100. சற்று நேரம் பேசாமல் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடியும் பார்த்தார். குறையவில்லை. சிறுநீரில் புரதமும் இருந்தது. பருமனான கர்ப்பிணிகளுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: முதல் பரிசோதனையிலேயே உங்கள் கைக்கேற்ற பட்டையைக் கேளுங்கள், எந்த அளவுப் பட்டை என்பதையும் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். அப்போதுதான் இந்த மாத எண்ணையும் போன மாத எண்ணையும் ஒப்பிட முடியும்.

அந்த வாரம் என் எடையும் விறுவிறுவென்று ஏறியிருந்தது. உடம்பில் கோத்திருந்த நீர் அது. சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திடீரென ஏறும் எடை, முகத்திலும் கையிலும் வீக்கம், விடாத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது போன்ற மங்கல், வலது விலா எலும்புக்கடியில் வலி. இவற்றில் எது வந்தாலும் அடுத்த தேதிக்காகக் காத்திருக்கக் கூடாது. ப்ரீஎக்லாம்ப்சியா என்ற இந்த நோய்தான் பருமனுக்கும் குறைமாதப் பிரசவத்துக்கும் நடுவே இருக்கும் பெரிய பாலங்களில் ஒன்று. தாயின் உயிரைக் காக்க மருத்துவர்களே குழந்தையை முன்கூட்டி எடுக்க வேண்டிய நிலை வருகிறது. ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 12ஆவது வாரத்திலிருந்து, முடிந்தவரை 16ஆவது வாரத்துக்குள், மருத்துவர் குறைந்த அளவு ஆஸ்பிரினைத் தொடங்குவது அந்த ஆபத்தைக் குறைக்கிறது. முதல் பிரசவமும் பருமனும் பல வழிகாட்டுதல்களில் ஆபத்துக் காரணிகளாக எழுதப்பட்டிருக்கின்றன. எடையைப் பற்றிச் சரியான நேரத்தில் பேசுவது என்று நான் சொல்வது இதைத்தான். "குறை" என்று சொல்லிவிட்டுப் போவதற்கும், "இந்த எடை இருப்பதால் உங்களுக்கு இந்த மாத்திரையும் இந்தச் சோதனையும் தேவை" என்று சொல்வதற்கும் இடையில் ஒரு குழந்தையின் சில வாரங்கள் இருக்கின்றன.

மருத்துவமனையில் சேர்த்த பிறகு வேலைகள் வேகமாக நடந்தன. ஒரு நாள் இடைவெளியில் இரண்டு ஸ்டீராய்டு ஊசிகள் போட்டார்கள். குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்யும் இந்த வழியை நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இருவர் 1972இல் நிறுவினார்கள். மூளைக்குள் ரத்தம் கசியும் வாய்ப்பையும் அது குறைக்கிறது. பிறகு மெக்னீசியம் சல்பேட். அது ஏறத் தொடங்கியதும் நெஞ்சிலிருந்து காதுமடல் வரை காந்தியது. நாக்கு தடித்துப்போனது. செவிலியர் அவ்வப்போது வந்து ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்த்தார். கால் துள்ளினால் அவர் முகம் தெளியும். துள்ளவில்லையென்றால் மருந்து உடலில் மிகுந்துவிட்டது என்று பொருளாம். எனக்கு வலிப்பு வராமல் தடுக்கத்தான் அது என்று நினைத்திருந்தேன். மிகவும் முன்கூட்டிப் பிறக்கப்போகும் குழந்தையின் மூளைக்கும் அதுவே காப்பு என்று பின்னர்தான் தெரிந்தது. ஏறக்குறைய 63 தாய்மாருக்குக் கொடுத்தால் ஒரு குழந்தைக்குச் செரிப்ரல் பால்சி எனப்படும் மூளை முடக்குவாதம் தவிர்க்கப்படுகிறது என்று 2009இல் வந்த தொகுப்பாய்வு கணக்கிட்டது. பிரசவம் முந்திவிடும் என்ற நிலை வந்தால் குடும்பத்தார் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: ஸ்டீராய்டு போட்டாயிற்றா? மெக்னீசியம் தேவைப்படுமா? தொப்புள்கொடியை வெட்டும் முன் அரை நிமிடம், ஒரு நிமிடம் பொறுக்க முடியுமா? பிறந்த குழந்தையை வைத்துப் பார்க்கும் என்.ஐ.சி.யு. இங்கேயே இருக்கிறதா? பிரசவத்துக்குப் பிறகு குழந்தையை வேறு மருத்துவமனைக்கு அனுப்புவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயை அனுப்புவது நல்லது.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். எடைதான் காரணமா?

ஸ்வீடனில் 1992 முதல் 2010 வரை நடந்த 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்து 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. இயல்பான எடை கொண்ட பெண்களில் 0.17 சதவீதத்தினருக்கு 28 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆனது. குறியெண் 40ஐத் தாண்டியவர்களில் அது 0.52 சதவீதம். மூன்று மடங்கு என்று சொன்னால் திகிலாக இருக்கும். மிகப் பருமனான ஆயிரம் பெண்களில் ஐந்து பேர் என்று சொன்னாலும் அதே கணக்குதான். கேட்கும்போது மட்டும் வேறாக இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்லாத எவரையும் நான் இப்போது நம்புவதில்லை.

அதே நாட்டில் 14 லட்சம் குழந்தைகளை வைத்து 2017இல் வந்த ஆய்வு என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. தாயின் எடை கூடக் கூடப் பிள்ளைக்கு மூளை முடக்குவாதம் வரும் வாய்ப்பும் கூடியது. ஆனால் அந்தத் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது நிறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளிடம்தான். குறைமாதப் பிள்ளைகளிடம் அப்படித் தெரியவில்லை. நான் இதைப் புரிந்துகொண்ட விதம் இது: முன்கூட்டிப் பிறப்பதே மூளைக்கு மிகப் பெரிய சுமை. அதன் பக்கத்தில் தாயின் எடை என்ற தனிச் சுமை கண்ணுக்குப் படாமல் போகிறது. என் விஷயத்தில் எடை ஏதாவது செய்திருந்தால், ரத்த அழுத்தத்தின் வழியாகப் பிரசவ நாளை முந்தவைத்ததில்தான் அதன் பங்கு இருந்திருக்கும்.

இதோடு கதை முடிந்துவிடவில்லை. 2002 முதல் 2004 வரை அமெரிக்காவில் 28 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த எல்கன் என்ற ஆய்வு இருக்கிறது. பத்து வயதில் சோதித்தபோது, கர்ப்பத்துக்கு முன் பருமனாக இருந்த தாய்மாரின் பிள்ளைகள் மொழி, சிந்தனைத் திறன் சோதனைகளில் சராசரியில் சற்றுப் பின்தங்கியிருந்தார்கள். கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் சேமிப்பு இல்லை. அழற்சியைத் தூண்டும் பொருள்களை அது சுரக்கிறது, இன்சுலின் வேலையைத் தடுமாறவைக்கிறது, நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டத்தையும் பாதிக்கிறது. 23 முதல் 32 வாரம் வரை மூளையின் வெண்பகுதியை உருவாக்கும் இளம் உயிரணுக்கள் அழற்சியை எளிதில் தாங்கிக்கொள்வதில்லை. இதுதான் சொல்லப்படும் விளக்கம். மறுபக்கம், கவனக்குறைபாட்டையும் தாயின் எடையையும் பற்றி 2014இல் ஸ்வீடனில் ஒரே தாயின் பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்படிப் பார்த்ததும் தொடர்பு கரைந்துபோனது. குடும்பத்துக்குப் பொதுவான மரபும் சூழலும்தான் எடையின் பெயரில் அங்கே பேசிக்கொண்டிருந்தன என்பது அதன் பொருள். ஆயிரக்கணக்கானோரின் சராசரியை எடுத்துவந்து ஒரு தாயின் மேல் வீசுகிறவர்களிடம் நான் இந்த ஆய்வைத்தான் சொல்வேன்.

இன்னொன்றும் உண்டு. என்.ஐ.சி.யு.வில் என் மகளுக்குப் பக்கத்து இன்குபேட்டரில் இருந்த குழந்தையின் தாய் ஒல்லியானவர். கர்ப்பம் முழுவதும் எடை ஏறவேயில்லையாம். எடைக்குறைவும் குறைமாதப் பிரசவத்துக்கும் வயிற்றுக்குள் வளர்ச்சி குன்றுவதற்கும் அறியப்பட்ட காரணம். அவரைப் பார்த்து ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பழி போடுவதற்கு ஊர் வைத்திருக்கும் அளவுகோல் பார்வைக்கு எது தெரிகிறதோ அதை மட்டும்தான் அளக்கிறது.

மகள் பிறந்தபோது 1,080 கிராம். முதல் மூன்று நாள்கள்தான் மூளையில் ரத்தக் கசிவுக்கு ஆபத்தான நாள்கள் என்றார்கள். உச்சிக்குழியின் மேல் பசையைத் தடவி, விரல் நீளமே உள்ள கருவியை வைத்து, எலும்பு இன்னும் மூடாத அந்த வாசல் வழியாக மூளையைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் முதல்நிலைக் கசிவு. நான்கு நிலைகளில் அதுதான் மிகச் சிறியது. பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடும். அவளுக்கும் மறைந்தது. "மூளையில் ரத்தம்" என்ற இரண்டு சொற்களோடு மருத்துவர் போய்விட்டால் விடாதீர்கள். எந்த நிலை, ஒரு பக்கமா இரு பக்கமா, அடுத்த ஸ்கேன் எப்போது என்று மூன்றையும் கேட்டு எழுதிவையுங்கள்.

தாய்ப்பால் விஷயத்தில் எடைக்கு நேரடிப் பங்கு உண்டு. பருமனான தாய்மாருக்குப் பால் ஊறுவது தாமதமாகலாம். பிரசவம் முந்தியிருந்தால் இன்னும் தாமதமாகலாம். "உனக்குப் பால் இல்லை" என்று மூன்றாம் நாளே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அதைக் கேட்டு நிறுத்தக் கூடாது. பிறந்த சில மணி நேரத்திலேயே கையாலோ கருவியாலோ பீய்ச்சத் தொடங்கி, இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, இரவிலும் தொடர வேண்டும். எனக்கு முதலில் வந்தது சிரிஞ்சின் அடியை நனைக்கும் சீம்பால்தான். செவிலியர் அதை வீணாக்காமல் பஞ்சுக்குச்சியில் தொட்டுக் குழந்தையின் கன்னத்தின் உட்புறம் தடவினார். குறைமாதக் குழந்தையின் குடல் அழுகும் நோயைத் தாய்ப்பால் குறைக்கிறது. அந்த நோய் வந்தால் மூளை வளர்ச்சியும் அடிவாங்கும். குழந்தையை நெஞ்சோடு வெறும் தோலில் அணைத்து வைக்கும் கங்காரு பராமரிப்பு 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்த வழி. முடிந்தவரை உடனே தொடங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் சொன்னது. "உடம்பு பெரிது, குழந்தை வழுக்கிவிடும்" என்று என்னிடம் தயங்கினார்கள். அகலமான துணியால் கட்டி, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் எந்த வழுக்கலும் இல்லை. பரந்த நெஞ்சு இதற்கு வசதிதான் என்று நான் சொல்லிச் சிரித்ததுண்டு.

வீட்டுக்கு வந்த பிறகு உறவினர் எண்ணிய மாதங்களும் நான் எண்ணிய மாதங்களும் வேறாக இருந்தன. அவள் பதினொரு வாரம் முந்திப் பிறந்தவள். ஆறு மாதம் முடிந்தபோது, முந்திய அந்த வாரங்களைக் கழித்துக் கணக்கிடும் அவளுடைய திருத்தப்பட்ட வயது ஏறக்குறைய மூன்றரை மாதம்தான். இரண்டு வயது வரை வளர்ச்சியை இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். "இன்னும் உட்காரவில்லையா?" என்று கேட்ட பெரியம்மாவுக்குத் திருத்தப்பட்ட வயதை விளக்கி ஓய்ந்துபோய், கடைசியில் அந்த வயதை மட்டுமே சொல்லப் பழகிக்கொண்டேன்.

திருத்தப்பட்ட வயது மூன்று மாதத்தை ஒட்டிச் செய்த ஒரு சோதனையை மறக்க மாட்டேன். பொம்மை இல்லை, பேச்சு இல்லை. விழித்திருக்கும் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்துச் சில நிமிடம் காணொளி எடுக்கிறார்கள். கழுத்திலும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் ஓயாமல் சுழலும் நுண்ணிய அசைவுகள் இருக்கின்றனவா என்று தேர்ந்தவர் பார்க்கிறார். அவை இருந்தால் பெரும் ஆறுதல். இல்லாவிட்டால் மூளை முடக்குவாதத்துக்கான வலுவான எச்சரிக்கை. நடக்கும் வயது வரை காத்திருக்காமல் ஐந்து மாதத்துக்கு முன்பே ஆபத்தைக் கணிக்க முடிகிறது என்பதுதான் இதில் பெரிய செய்தி. பயிற்சி எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது. என் மகளுக்கு அந்த அசைவுகள் இருந்தன. இருந்தும் காலில் இறுக்கம் இருந்தது; குதிகாலை ஊன்றாமல் நுனிக்காலில் நடந்தாள். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்த நீட்டல் பயிற்சிகளை உடை மாற்றும்போதெல்லாம் செய்தோம். தனியாக நேரம் ஒதுக்கினால் இரண்டாம் வாரமே நின்றுபோகும். அன்றாட வேலையோடு கட்டிவிட்டால் தொடரும்.

வீட்டிலேயே கவனிக்கக்கூடியவை சில: திருத்தப்பட்ட நான்கு மாதத்துக்குப் பிறகும் கைவிரல்கள் இறுக மூடியே இருப்பது, தூக்கினால் கால்கள் கத்தரிக்கோல் போலக் குறுக்கிடுவது, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவது. கடைசியாகச் சொன்னதைப் பலர் "இடக்கைப் பழக்கம்" என்று ரசிப்பார்கள். அது உடனே காட்ட வேண்டிய அறிகுறி. விழித்திரைச் சோதனையையும் காதுச் சோதனையையும் தவறவிடாதீர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். விழித்திரைக்கான தேதி தப்பினால் பார்வையே போகலாம்.

அடுத்த கர்ப்பத்தைப் பற்றி யோசித்தபோது, கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். இந்த முறை பேச்சு சரியான நேரத்தில் நடந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு பார்த்தார். ஃபோலிக் அமிலம் எந்த அளவில் என்று எழுதித் தந்தார். பருமனானவர்களுக்குச் சிலர் கூடுதல் அளவைப் பரிந்துரைப்பார்கள். கனவு எடை எதையும் இலக்காக வைக்கவில்லை. இரண்டு பிரசவங்களுக்கு இடையில் எடை கூடுவதே அடுத்த முறை ப்ரீஎக்லாம்ப்சியா வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதால், முதலில் கூடாமல் நிறுத்துங்கள், பிறகு கொஞ்சம் குறையுங்கள் என்றார். கர்ப்பமான பிறகு பட்டினி கிடந்து குறைக்கக் கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார். வாரத்துக்கு 150 நிமிட மிதமான நடை, 12ஆவது வாரத்தில் ஆஸ்பிரின், பெரிய பட்டை. மகன் 37ஆவது வாரம் முடிந்து பிறந்தான். அப்போதும் என் குறியெண் 30க்கு மேல்தான் இருந்தது.

மகள் இப்போது ஓடுகிறாள், சைக்கிள் கேட்கிறாள். எழுத்து கூட்டிப் படிக்கத் திணறுகிறாள். கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது வரி தவறுகிறது. மிகவும் முன்கூட்டிப் பிறந்த பிள்ளைகளிடம் கவனம், கணக்கு, கண்ணும் கையும் இசைவது போன்ற சிக்கல்கள் பள்ளி வயதில்தான் வெளிப்படும். அதற்குள் பெரும்பாலான குடும்பங்கள் தொடர் பரிசோதனையை நிறுத்தியிருக்கும். அதனால் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சுருக்கத்தைத் தூக்கிப்போடாதீர்கள். பிறந்த வாரம், எடை, மூளை ஸ்கேன் முடிவு, பார்வை, செவி, இதுவரை செய்த பயிற்சிகள் என்று ஒரே பக்கத்தில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். தாயின் எடை அந்தப் பக்கத்தில் இல்லை. ஆசிரியருக்கு அது தேவைப்படாது. முன்வரிசையில் இடமும், எழுதி முடிக்கக் கூடுதல் நேரமும் கேட்டிருக்கிறேன். இடம் கிடைத்துவிட்டது. நேரத்துக்காக இன்னும் போராடிக்கொண்டிருக்கிறேன்.